அடைப்புக்கு வெளியே ஆறு வார்த்தைகள்

"உங்க மிஷின் எங்களைக் காட்டிக் கொடுக்குதுங்க."

போனில் வந்த பெண்குரல் எடுத்த எடுப்பிலேயே இப்படிச் சொன்னது. வணக்கமும் இல்லை, பேரும் இல்லை. கோயம்புத்தூரில் தன் அலுவலக மேசையில் தயிர்சாத டப்பாவைத் திறந்து வைத்திருந்த ஞானசௌந்தரி, மூடியைக் கையில் பிடித்தபடியே கேட்டாள்.

"யார் பேசறீங்க?"

"சாரல் பின்னலாடை மில்லுல இருந்து பேசறனுங்க. செல்லக்கிளி. தொழிலாளர் கமிட்டித் தலைவி. உங்க நம்பர் அந்தப் புகார் அறைக் கதவுலயே ஒட்டியிருக்குது. பழுதானாக் கூப்பிடச் சொல்லி. பழுதாயிருச்சுங்க. மூணாவது புள்ளையையும் ஓசூருக்கு மாத்திப்போட்டாங்க."

"மாத்தினதுக்கும் மிஷினுக்கும் என்ன சம்பந்தம்?"

"மூணு பேருமே உள்ள போயி மேனேஜரைப் பத்திச் சொன்னவங்க. என்கிட்ட மட்டும் அழுதுட்டே சொன்னாங்க. நான் யார்கிட்டயும் மூச்சு விடலைங்க. அப்போ மிச்சம் இருக்கறது யாரு?"

இரண்டாயிரத்து முப்பத்தெட்டில் வந்த சட்டம் அது. வேலையிடத்தில் மனிதர் பேச்சைக் கேட்கும் எந்த இயந்திரமும், பேசியவர் யார் என்பதைக் கதவு திறந்ததும் மறந்துவிட வேண்டும். சட்டம் வந்ததும் அதற்கேற்ற இயந்திரத்தை எழுதியவர்களில் ஞானசௌந்தரியும் ஒருத்தி. நாற்பத்திரண்டு வயது. யாரையும் எதையும் நம்பாமல் இருப்பதற்குத்தான் அவளுக்குச் சம்பளம். அடுத்தவர்கள் எழுதிய நிரலில் எங்கே ஓட்டை இருக்கும் என்று மோப்பம் பிடித்தே பாதி வாழ்க்கை போயிருந்தது. தான் எழுதியதில் ஓட்டை இருக்கும் என்று மட்டும் அவளுக்குத் தோன்றியதே இல்லை.

அந்த மில்லில் புகார் அறைக்கென்று ஓர் ஒழுங்கு உண்டு. புகார் இருந்தாலும் இல்லாவிட்டாலும் வாரத்துக்கு ஒருமுறை எல்லோரும் உள்ளே போய்ப் பத்து நிமிடம் உட்கார வேண்டும். கூட்டிப் பெருக்குபவர் முதல் மேனேஜர் வரை. அதனால் யார் உள்ளே போனார் என்பதை வைத்து யார் புகார் சொன்னார் என்று கண்டுபிடிக்க முடியாது. மாதக் கடைசியில் வெறும் எண்ணிக்கை மட்டும் தொழிலாளர் துறைக்குப் போகும். 'மேலதிகாரி அத்துமீறல்: இரண்டு' என்கிற மாதிரி. மூன்று மாதத்தில் ஐந்தைத் தாண்டினால் விசாரணை வரும்.

சென்ற மூன்று மாதத்தில் எண்ணிக்கை நான்கிலேயே நின்றிருந்தது. ஞானசௌந்தரி டப்பாவை மூடிவிட்டு அதைத்தான் முதலில் பார்த்தாள். நான்கு. சொன்னவர்களில் மூன்று பேர் இப்போது அந்த மில்லில் இல்லை.

மறுநாள் காலையில் திருப்பூர் பல்லடம் சாலையில் மில் எதிரே இறங்கினாள்.

மேனேஜர் தீனதயாளன் வாசலுக்கே வந்து வரவேற்றார். ஐம்பது வயதுக்கு நல்ல கட்டான உடம்பு, இஸ்திரி மடிப்புக் கலையாத சட்டை, மேலே கோட்டு. "வருசா வருசம் செக் பண்றதுக்கு ஆள் வருவாங்கன்னு தெரியும். எழுதின மேடமே வருவாங்கன்னு நினைக்கலை" என்று சிரித்தார். "உங்க மிஷின் மாதிரி ஒண்ணு இல்லைங்க. நானே வாரா வாரம் போய் உக்காந்து மனசு விட்டுப் பேசிட்டு வர்றேன். வெளிய வந்தா உடம்பு லேசாகுது."

அவருக்குப் பின்னால் ஒல்லியாக ஒரு பெண், கோப்பு ஒன்றை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு நின்றிருந்தாள். தொழிலாளர் நல அலுவலர் கற்பகவல்லி. ஞானசௌந்தரிக்கு அவள் குரல் போனில் பழக்கம். முகம் இன்றுதான். சாவியை நீட்டிவிட்டு மறுபடி கோப்பை அணைத்துக்கொண்டாள்.

புகார் அறை தையல் கூடத்தின் கடைசியில் இருந்தது. ஒரு நாற்காலி, எதிரே ஒரு சின்னத் திரை, சத்தத்தை உறிஞ்சும் தடித்த சுவர். ஞானசௌந்தரி சுவர்ப் பலகைகளைக் கழற்றிப் பார்த்தாள். மின்கம்பிகள் ஒவ்வொன்றும் எங்கே போகிறது என்று விரலால் தொட்டுக்கொண்டே போனாள். ஒளித்துவைத்த மைக் இல்லை, கேமரா இல்லை. போனில் பேசிய செல்லக்கிளியை வரவழைத்து, கதவைச் சாத்திக்கொண்டு உள்ளே இருந்து கத்தச் சொன்னாள். வெளியே முணுமுணுப்புக்கூடக் கேட்கவில்லை. இரண்டு மணி நேரம் போனது. எல்லாம் சுத்தம்.

சுத்தமாக இருந்ததுதான் அவளுக்குப் பிடிக்கவில்லை.

கேன்டீனில் ஓர் ஓரமாக உட்கார்ந்து மடிக்கணினியைத் திறந்தாள். செல்லக்கிளி எதிரே வந்து உட்கார்ந்தாள். முப்பத்தைந்து வயது இருக்கும். கழுத்தில் அளவு டேப், இடது கை விரல்நுனிகள் எல்லாம் ஊசி குத்திக் காய்த்துப் போயிருந்தன.

"நீங்க என்னதான் எழுதியிருக்கீங்கன்னு எனக்கும் காட்டுங்க" என்றாள்.

"பார்த்தாப் புரியாதே."

"சொன்னாப் புரிஞ்சுக்குவேனுங்க."

ஞானசௌந்தரி திரையை அவள் பக்கம் திருப்பினாள். "இந்த வளைஞ்ச குறி இருக்கில்ல, இதை நாங்க பிளவர் பிராக்கெட்னு சொல்லுவோம். கதவு சாத்தினதும் இது திறக்கும். அதுக்குள்ள பிறக்கிற எல்லாம், உங்க பேரு, குரல், முகம், எந்த லைன்ல வேலைங்கறது, எல்லாம் இதோ இந்த மூடற பிராக்கெட் வரைக்கும்தான் உயிரோட இருக்கும். கதவு திறந்தா இது மூடிக்கும். அதோட தீர்ந்தது."

"அழிச்சிருவீங்களா?"

"அழிக்கறதுன்னா யாராவது அழிக்காம விட்டுடலாம். இது அப்படி இல்லை. பிராக்கெட்டுக்கு வெளிய அந்தப் பேருக்கு அர்த்தமே கிடையாது. நானே வெளிய இருந்து கேட்டாலும், அப்படி ஒண்ணு எனக்குத் தெரியாதுன்னுதான் மிஷின் சொல்லும். பொய் சொல்லாது. அதுக்கு நிஜமாவே தெரியாது."

செல்லக்கிளி திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள். "சரிங்க. உள்ள இருக்கறது செத்துப் போயிரும். வெளிய என்ன இருக்குது?"

"தேதி. எண்ணிக்கை. என்ன வகைப் புகார்ங்கறது. அப்புறம் சில்லறை விஷயம் ஒண்ணு ரெண்டு."

"சில்லறைன்னா?"

"மிஷின் பேசக் கத்துக்கற விஷயம். அதுல யார் பேரும் கிடையாது" என்று சொல்லிவிட்டு ஞானசௌந்தரி பக்கத்தை நகர்த்தினாள்.

மதியத்துக்கு மேல் வேறு ஒன்றும் அகப்படாமல் போகவே, கடைசியாக ஒரு காரியம் செய்தாள். தானே ஒரு தொழிலாளியைப் போல உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். நிரலை ஆயிரம் முறை படித்திருக்கிறாள். அந்த நாற்காலியில் உட்கார்ந்து பேசியது கிடையாது.

"வாங்க. நிதானமாப் பேசுங்க. நீங்க சொல்றது இந்தக் கதவைத் தாண்டாது" என்றது இயந்திரம். அந்த வாக்கியத்தையும் அவள்தான் எழுதியிருந்தாள்.

"மேனேஜர் தொந்தரவு பண்றாரு" என்றாள்.

"எந்த மாதிரி? கஷ்டமா இருந்தா மெதுவாச் சொல்லுங்க."

ஞானசௌந்தரி வேண்டுமென்றே தயங்கினாள். "அது... எப்படிச் சொல்றதுன்னு தெரியலை."

"பரவாயில்லை" என்றது அந்தக் கனிவான குரல். "முதுகுல பூரான் ஊர்ற மாதிரியா?"

அவளுக்குப் புரியவில்லை. பூரான் என்று அவள் எங்கேயும் எழுதியதாக நினைவில்லை. எழுந்து வெளியே வந்தாள். தையல் இயந்திரங்களின் இரைச்சலுக்கு நடுவே செல்லக்கிளியை ஓரமாகக் கூப்பிட்டாள்.

"பூரான்னா உங்க ஊர்ல ஏதாவது அர்த்தம் உண்டா?"

செல்லக்கிளியின் கை கழுத்து டேப்பில் அப்படியே நின்றுவிட்டது.

"அதை யாருங்க உங்களுக்குச் சொன்னது?"

"மிஷின்."

"அது பேச்சித்தாய் பேச்சுங்க. சங்கரன்கோவில் பக்கத்துப் புள்ளை. அந்த ஆளு பின்னாடி வந்து நின்னு கையை வெக்கறதை அவளுக்கு வாயால சொல்ல வராது. பூரான் ஊருதுன்னுதான் சொல்லுவா. இந்த மில்லுல வேற யாரும் அப்படிச் சொல்லி நான் கேட்டதில்லை. போன வாரம் ஓசூருக்கு மாத்தினாங்களே, அவதான்."

ஞானசௌந்தரி அவள் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு நடந்தாள். கேன்டீனுக்குத் திரும்பிப் போய் மடிக்கணினியைத் திறந்தாள். காலையில் தான் அவசரமாகத் தாண்டிப்போன அந்த ஒரு வரிக்கு வந்து நின்றாள். அது மூன்று வருடமாக அடைப்புக்குறிக்கு உள்ளேதான் இருந்தது. எட்டு மாதத்துக்கு முன்னால் அவளே அதை எடுத்து, திறக்கும் குறிக்கு ஒரு வரி மேலே, வெளியே வைத்தாள். இயந்திரம் கற்றுக்கொண்ட சொற்களின் பட்டியல் அது. வெளியே பிறந்ததால் கதவு திறந்தாலும் சாகாது. இன்றைக்கு ஒருத்தி சொன்ன சொல் நாளைக்கு வருபவளிடமும் உயிரோடு இருக்கும்.

"எதுக்குங்க வெளிய வெச்சீங்க?" செல்லக்கிளி சத்தம் போடவில்லை. அது இன்னும் கஷ்டமாக இருந்தது.

"உங்க நல அலுவலர் போன் பண்ணினாங்க. பொண்ணுங்க நேரடியாச் சொல்லக் கூச்சப்பட்டு சுத்தி வளைச்சுச் சொல்றாங்க, மிஷின் ஒவ்வொரு தடவையும் 'புரியவில்லை, தெளிவாகச் சொல்லுங்கள்'னு கேக்குது, பாவம் அதுக்கு மேல பேசாம எழுந்து வந்துடறாங்கன்னு. எனக்கும் நியாயமாப் பட்டுது. ஒருத்தி ஒரு தடவை விளக்கிச் சொன்னாப் போதும், அடுத்தவ விளக்க வேண்டியதில்லைன்னு நினைச்சேன். பேருதான் ரகசியம், வார்த்தையில என்ன இருக்குன்னு நினைச்சுட்டேன்."

"எங்களுக்கு வார்த்தைதானுங்க பேரு" என்றாள் செல்லக்கிளி.

பட்டியலைத் திறந்தார்கள். முந்நூற்றுச் சொச்சம் சொற்கள் இருந்தன. சாம்பார் தண்ணியாக இருப்பதற்கு ஐந்தாறு, கழிப்பறைக்கு ஏழெட்டு. 'அத்துமீறல்' என்று இயந்திரம் புரிந்துகொண்ட சொற்கள் ஆறே ஆறு. ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் கற்றுக்கொண்ட தேதி. அந்துருண்டை. வெப்ராளம். டேப்பு வைக்கிறது. உப்பு பாக்குறது. முட்டுச்சந்து. பூரான்.

"ஆறு சொல் இருக்கு, எண்ணிக்கை நாலுதானே?" என்று செல்லக்கிளி கேட்டாள்.

"ரெண்டு பேரு மூணு மாசத்துக்கு முன்னாடியே சொல்லியிருக்காங்க. அது அப்போதைய கணக்குல போயிருக்கும்."

செல்லக்கிளி விரலை வைத்துப் படித்தாள். "வெப்ராளம், இது லில்லிபுஷ்பம். கன்னியாகுமரிப் பக்கம். நெஞ்சு படபடன்னு வந்தா அப்படித்தான் சொல்லுவா. உப்பு பாக்குறது மாதம்மா, தொட்டுத் தொட்டுப் பாக்கறதை அப்படிச் சொல்லுவா. முதல்ல மாத்தினது அவளைத்தான். பூரான் பேச்சித்தாய். மத்த மூணு யாருன்னு எனக்குத் தெரியலை." நிமிர்ந்தாள். "இன்னும் மூணு பேரு இங்கயே இருக்காங்களாட்டம் இருக்குதுங்க. வாயத் திறக்காம."

விஷயம் இப்போது விளங்கிவிட்டது. யாரோ ஒருவர் உள்ளே போய், பாதிக்கப்பட்டவளைப் போல இரண்டு வார்த்தை பேசித் தயங்குகிறார். இயந்திரம் ஆறுதலாகக் கேட்பதாக நினைத்துக்கொண்டு அடுத்தவளின் சொல்லை எடுத்து நீட்டுகிறது. அந்தச் சொல்லோடு வெளியே வந்து, கூடத்திலும் விடுதியிலும் காது கொடுத்துக் கேட்டால் போதும். சொந்தக்காரி அகப்பட்டுவிடுவாள்.

"யாரு அதுன்னு மிஷின்ல பாருங்க."

"பார்க்க முடியாது. உள்ள போய்ப் பேசினது யாருங்கறது பிராக்கெட் மூடினதும் போயிடும். உங்களைக் காப்பாத்த எழுதினது அவங்களையும் காப்பாத்துது."

செல்லக்கிளி ஒரு சிரிப்புச் சிரித்தாள். அதில் சந்தோஷம் இல்லை.

ஞானசௌந்தரிக்கு அந்த நிமிடமே வரியை உள்ளே தள்ளி மூடிவிட வேண்டும் போல் கை பரபரத்தது. செல்லக்கிளி மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள். "இப்போ மூடினா யாருன்னு தெரியாமயே போயிரும். நாலு நாள் விடுங்க. நான் ஒரு வார்த்தை போடறேன்."

"போட்டா அடுத்து உங்களைத்தான் மாத்துவாங்க."

"மாத்தட்டுமுங்க. மாத்தினாத்தானே தெரியும்."

மேனேஜர் பெண்கள் பேசும் இடத்துக்கு வருவதில்லை. வந்தாலும் அவர் காதுபட யாரும் பேசமாட்டார்கள். ஆகவே கேட்டுச் சொல்பவர் வேறு யாரோ. மேனேஜர் அறைக்குப் போய்வரும் ஆளாகவும் இருக்க வேண்டும், பெண்களோடு புழங்கும் ஆளாகவும் இருக்க வேண்டும். யோசித்துப் பார்த்தால் இரண்டே பேர். விடுதி வார்டன் பழனாத்தாள். நல அலுவலர் கற்பகவல்லி, தினமும் காலையில் இயந்திரம் ஓடுகிறதா என்று பார்ப்பதற்காக உள்ளே போகிறவள்.

திங்கள்கிழமை செல்லக்கிளி அறைக்குள் போய், மேனேஜர் பக்கத்தில் வந்தால் ஈரச்சாக்கு மேலே விழுந்த மாதிரி இருக்கிறது என்று சொல்லிவிட்டு வந்தாள். அந்தப் பேச்சு எந்த ஊரிலும் கிடையாது. இரண்டு பேரும் கேன்டீனில் உட்கார்ந்து உண்டாக்கியது. செவ்வாய்க்கிழமை வார்டன் காதில் விழும்படி, "உடம்பெல்லாம் ஈரச்சாக்காட்டம் கனக்குது" என்றாள். திருப்பூரில் ஓர் அறை எடுத்துத் தங்கியிருந்த ஞானசௌந்தரிக்கு மணிக்கொரு தரம் போன் பண்ணினாள். செவ்வாயும் போனது, புதனும் போனது, ஒன்றும் நடக்கவில்லை. வார்டன் மருந்துக்கடையில் தைலம் வாங்கி வந்து தேய்த்துவிட்டதுதான் மிச்சம். அந்த அம்மாளைச் சந்தேகப்பட்டதற்குச் செல்லக்கிளி மனசுக்குள் கன்னத்தில் போட்டுக்கொண்டாள்.

வியாழக்கிழமை காலை பத்து மணிக்கு, கையெழுத்து வாங்க வந்த கற்பகவல்லியிடம் அதே வார்த்தையைச் சொன்னாள்.

"அவங்க பேனா ஒரு நிமிசம் நின்னுருச்சுங்க அக்கா" என்று பிறகு போனில் சொன்னாள். மேடம் எப்போது அக்காவானாள் என்று இருவருமே கவனிக்கவில்லை. "என்னைப் பாக்கவே இல்லை. பேப்பரையே பாத்துட்டு, உடம்பைப் பாத்துக்கோங்கன்னு சொல்லிட்டுப் போனாங்க."

மூன்று மணிக்குச் செல்லக்கிளிக்கு ஓசூர் மாறுதல் உத்தரவு வந்தது.

ஞானசௌந்தரி அன்று மாலையே தொழிலாளர் துறை அலுவலகத்துக்குப் போனாள். விசாரணை அதிகாரி இம்மானுவேல் ஓய்வுக்கு இரண்டு வருடம் பாக்கியிருந்த மனிதர். முழுவதையும் கேட்டுவிட்டுக் கண்ணாடியைக் கழற்றினார்.

"யார் யார் புகார் சொன்னாங்க? பேர் இருக்கா?"

"இல்லை சார். இருக்கக்கூடாதுன்னுதான் சட்டம்."

"குரல்?"

"இல்லை."

"அப்போ உங்ககிட்ட என்னதான் இருக்கு?"

"இருக்கவே கூடாத ஒரு பட்டியல் இருக்கு. நான் பண்ணின தப்பால மிச்சமானது." தாங்களாகப் போட்ட ஈரச்சாக்கைத் தனியே குறித்துவிட்டு, மற்ற ஆறு சொற்களையும் தேதிகளையும் எடுத்து வைத்தாள். அந்த வரியை வெளியே வைத்தது தான்தான் என்று எழுதிக் கையெழுத்தும் போட்டாள். கம்பெனியில் இனி தன்னை வைத்துக்கொள்ள மாட்டார்கள் என்று தெரியும். 

இம்மானுவேல் அந்த ஆறு சொற்களையும் திரும்பத் திரும்பப் படித்தார். "இதெல்லாம் எங்க வீட்டுப் பொண்ணுங்களும் சொல்ற மாதிரிதான் இருக்கு" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார்.

பட்டியலின் நகலைக் கொடுத்ததும் ஞானசௌந்தரி அங்கேயே உட்கார்ந்து அந்த வரியை அடைப்புக்குறிக்குள் கொண்டுபோய் வைத்தாள். இனி இயந்திரம் பழையபடி 'புரியவில்லை, தெளிவாகச் சொல்லுங்கள்' என்று கேட்கும். செல்லக்கிளியிடம் இதைச் சொன்னபோது அவள், "அப்போ நாங்க மறுபடி ஊமையா?" என்றாள்.  யோசிக்கிறேன் என்றுகூடச் சொல்ல ஞானசௌந்தரிக்குத் துணிவு வரவில்லை.

அடுத்த புதன்கிழமை மில்லில் விசாரணை. தீனதயாளனை வளாகத்துக்குள் வரவிடவில்லை. செல்லக்கிளியின் மாறுதலையும் நிறுத்திவைத்திருந்தார்கள். ஆறு சொற்களையும் பெரிய எழுத்தில் எழுதி அறிவிப்புப் பலகையில் ஒட்டினார்கள். கீழே ஒரு வரி: 'இவற்றில் தன் சொல் இருப்பதாக நினைப்பவர் விரும்பினால் உள்ளே வந்து சொல்லலாம். யாருக்கும் கட்டாயம் இல்லை.' பயிற்சி அறையில் இம்மானுவேல் உட்கார்ந்தார். தேதிகளைச் சரிபார்க்கப் பக்கத்தில் ஞானசௌந்தரி.

முதல் ஒரு மணி நேரம் யாரும் வரவில்லை. வெளியே பலகைக்கு முன்னால் கூட்டம் நின்று படிப்பதும் கலைவதுமாக இருந்தது. இம்மானுவேல் கைக்கடிகாரத்தைப் பார்க்க ஆரம்பித்துவிட்டார். 'ஏன் வரவேண்டும், ஒருமுறை நம்பித்தானே இந்தக் கதி' என்று ஞானசௌந்தரிக்குத் தோன்றியது.

பத்தரை மணிக்கு ஓசூரிலிருந்து மூன்று பேரும் ஒன்றாக வந்து இறங்கினார்கள். பேச்சித்தாய்க்கு இருபது வயதுகூட இருக்காது. உள்ளே வந்தவள் உட்காராமலே, "பூரான் என்னுது சார்" என்றாள். சொல்லி முடித்ததும் வாயைப் பொத்திக்கொண்டாள். லில்லிபுஷ்பம் தன் சொல்லைச் சொல்லிவிட்டு, அதற்கு அர்த்தம் என்ன என்று அதிகாரி கேட்டதும் கோபமாக, "ஒங்களுக்கு வந்தாத்தான் தெரியும்" என்றாள். மாதம்மா நிறுத்தாமல் இருபது நிமிடம் பேசினாள்.

அதற்குப் பிறகு, யாரும் எதிர்பார்க்காத இரண்டு பேர். கட்டிங் மாஸ்டரின் உதவியாளராக இருக்கும் ஒரு பெண், அளவு எடுக்கிற சாக்கில் மேனேஜர் தன் மேல் டேப்பை வைப்பார் என்றாள். கேன்டீனில் தோசை ஊற்றும் ஐம்பது வயது வாசுகியம்மாள், கிடங்குக்குப் போகும் முட்டுச்சந்தைப் பற்றிச் சொன்னாள். "எனக்குப் பேரன் இருக்கான் சார். இதைப் போய் எப்படி வெளிய சொல்றதுன்னு இருந்துட்டேன். பலகையில பாத்ததும், அட, மிஷினாவது ஞாபகம் வெச்சிருக்குதேன்னு வந்துட்டேன்" என்றாள். அந்த வாக்கியம் ஞானசௌந்தரியை எங்கேயோ போய்க் குத்தியது.

மதியம் மூன்று மணிக்கு ஐந்து சொற்களுக்கு எதிரே ஐந்து கையெழுத்துகள் விழுந்துவிட்டன. மிச்சம் இருந்தது ஒன்று. பட்டியலில் எல்லாவற்றுக்கும் முதலாவது. அந்துருண்டை. ஞானசௌந்தரி வரியை வெளியே எடுத்துவைத்த நான்காம் நாள் கற்றுக்கொண்டது.

"அது வேலையை விட்டுப் போன யாராவதா இருக்கும்" என்று சொல்லிவிட்டு இம்மானுவேல் முகம் கழுவ எழுந்து போனார்.

அப்போதுதான் கற்பகவல்லி உள்ளே வந்தாள். விசாரணை அறிக்கையில் நல அலுவலர் என்ற முறையில் அவள் கையெழுத்தும் வேண்டியிருந்தது. ஞானசௌந்தரி அவளைப் பார்க்கவே விரும்பவில்லை. காகிதத்தை அவள் பக்கம் தள்ளினாள். "செல்லக்கிளி பேரைக் கொடுத்தது நீங்கதான்னு எனக்குத் தெரியும். அதுக்கும் சேர்த்து எழுதியிருக்கேன். படிச்சுட்டுப் போடுங்க."

கற்பகவல்லி படிக்கவில்லை. நின்றுகொண்டே இருந்தாள்.

"முதல் வார்த்தைக்கு யாரும் வரலையா மேடம்?"

"வரலை."

"அவரு கோட்டுக்கு அந்துருண்டை போட்டு வெப்பாரு. கிட்ட வந்தா அந்த வாசம்தான் முதல்ல வரும்." குரல் எந்த ஏற்ற இறக்கமும் இல்லாமல் வந்தது. "நான் உள்ள போய், அந்துருண்டை வாசம், அந்துருண்டை வாசம்னு சொல்றேன். மிஷினுக்குப் புரியலை. தெளிவாச் சொல்லுங்கன்னு கேட்டுச்சு. தெளிவா எப்படிங்க சொல்றது? அதனாலதான் உங்களுக்குப் போன் பண்ணினேன். பொண்ணுங்க கஷ்டப்படறாங்கன்னு சொன்னேனே, அது எனக்காகத்தான்."

ஞானசௌந்தரி பட்டியலைத் தன் பக்கம் இழுத்து, முதல் சொல்லின் தேதியைப் பார்த்தாள்.

"நீங்க சரி பண்ணினீங்க. பல்லைக் கடிச்சுட்டு ஒரே ஒரு தடவை விளக்கிச் சொன்னேன், அடுத்த தடவை மிஷினுக்குப் புரிஞ்சுது. எவ்வளவு இதமாப் பேசுச்சு தெரியுமா? அழுதுட்டேன். அந்த வாரமே அவரும் உள்ள போயிருக்காரு. அவரு சும்மா என்னமோ பேசினதுக்கு, அந்துருண்டை வாசம் வருதான்னு அவர்கிட்டயே கேட்டிருக்குது. இந்த ஆபீஸ்ல அவரு கோட்டுப் பக்கத்துல நிக்கறது நான் ஒருத்திதான். ரூமுக்குக் கூப்பிட்டு, சிரிச்சுட்டே கேட்டாரு. அதுக்கப்புறம் தினமும் காலையில நான் உள்ள போய் வேற யாரு வார்த்தை இருக்குன்னு கேட்டுட்டு வரணும்னு ஆச்சு. கேட்டுட்டு வந்து சொல்லிட்டா என் பக்கம் வரமாட்டாரு."

 வெளியே பேச்சித்தாயும் வாசுகியம்மாளும் எதற்கோ அழுதபடியே சிரிக்கும் சத்தம் கேட்டது. செல்லக்கிளியின் குரல் எல்லோருக்கும் மேலே கேட்டது.

இவ்வளவு நாளும் இந்தப் பெண்ணை வெறுக்க ஞானசௌந்தரிக்கு வசதியாக இருந்தது. இப்போது அது முடியவில்லை. மன்னிக்கவும் முடியவில்லை. அவள் யார் மன்னிக்க?

"இதை நானா எழுதிக்க முடியாது கற்பகவல்லி" என்றாள் கடைசியில். "நீங்கதான் சொல்லணும்."

"சொன்னா ரெண்டையும் சொல்லணும். எனக்கு நடந்ததையும், நான் செஞ்சதையும்."

"ஆமா."

"அவங்க மூஞ்சில எப்படி முழிப்பேன்?"

 ஞானசௌந்தரி காகிதத்தை அவளிடமிருந்து எடுத்துக்கொள்ளவில்லை.

ஈரக் கையைக் கைக்குட்டையில் துடைத்துக்கொண்டே இம்மானுவேல் திரும்பி வந்தார். கோப்பைக் கட்டப் போனவர், நின்றுகொண்டிருந்தவளைப் பார்த்தார். "கையெழுத்து ஆச்சாம்மா? முடிச்சுக்கலாமா?"

கற்பகவல்லி எதிர் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். அன்று காலையிலிருந்து ஐந்து பெண்கள் உட்கார்ந்த நாற்காலி அது.

"இன்னும் ஒரு வார்த்தை மிச்சம் இருக்கு சார்" என்றாள்.

அவருக்குப் புரியச் சில நொடிகள் ஆயின. புரிந்ததும் மெல்லத் தலையசைத்துவிட்டு, "கொஞ்சம் இருங்க, கதவைச் சாத்திட்டு வந்துடறேன்" என்று எழுந்தார்.

"வேண்டாம் சார்" என்றாள் கற்பகவல்லி. "திறந்தே இருக்கட்டும். அவங்களுக்கும் கேக்கணும்."